கோர்ட்டாகிளாம்பரின் மேற்கு எல்லை

என் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு எங்கள் மகள் கம்சிகா அயர்லாந்தில் ஒரு சதுர அடி நிலம் வாங்கிக் கொடுத்தாள். ஒரு சதுர அடிதான், நான் பிழையாக எழுதவில்லை. இரண்டு காலையும் ஒடுக்கி வைத்து நிற்கலாம். கைப்பையைக் கீழே வைக்க வேண்டுமென்றால் அடுத்தவர் காணியில்தான் வைக்க வேண்டும். விளையாட்டுப் பரிசாக இப்படி நிலம் விற்கிற ஒரு கம்பனி இணையத்தில் இருக்கிறதாம். பச்சைக் கரை போட்ட ஒரு சான்றிதழ் தருகிறார்கள். மேலே செம்மறியாட்டின் படம், நடுவில் காணி இலக்கம் 4117, அதற்குக் கீழே வளைந்து நெளிந்த எழுத்தில் இடத்தின் பெயர். கோர்ட்டாகிளாம்பர்.

அவள் பகிடிக்குத்தான் கொடுத்தாள். பகிடி விளங்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் எனக்குச் சீதனமாக வந்த காணியும் என் அண்ணை அருட்பிரகாசத்தின் பங்குக் காணியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் கிளுவைத் தடிகளைக் கதியாலாக நட்ட வேலி இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அண்ணை ஊருக்குப் போனபோது கதியாலைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டினார். மதில் எங்கள் பக்கம் ஒரு அடி வந்துவிட்டது என்று இவர் சொன்னார். ஒரு விரற்கடையும் வரவில்லை என்று அவர் சொன்னார். அன்றோடு, லண்டனில் டூட்டிங்கில் இருக்கிற இவருக்கும் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற அவருக்கும் பேச்சில்லை.

நான் வேலை செய்கிற பாமசியின் பின்னறையில் நின்று மாதத்துக்கு ஒரு தடவை அண்ணையோடு போனில் கதைப்பேன். எனக்கு வேறு கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மே மாதம் கம்சிகாவுக்குக் கலியாணம் என்று நாள் வைத்த அன்றும் கதைத்தேன்.

"மச்சான் வந்து என்ர வாசல்ல நிண்டு கூப்பிட்டா வாறன்," என்றார் அண்ணை. "கலியாணக் காட்டைப் போஸ்ற்றில அனுப்பினா வரமாட்டன்."

"மதிலை ஒரு அடி தள்ளிக் கட்டட்டும், வாசல்ல போய் நிக்கிறன்," என்றார் இவர்.

தாய்மாமன் இல்லாமல் என் பிள்ளைக்குக் கலியாணம் நடக்கப் போகிறது. சுன்னாகத்து மதில் விமானம் ஏறி வந்து டூட்டிங்கில் கலியாண மண்டபத்தை மறிக்கிறது. இந்தக் கோலத்தில்தான் கம்சிகா அந்தச் சான்றிதழை நீட்டினாள்.

"அப்பா, இந்தாங்கோ ஒரு அடி. இனி மாமாவோட சண்டை வேண்டாம்."

எல்லோரும் சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, எழும்பி நின்று, சான்றிதழை மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் வாசித்தார்.

"நாலு எல்லையையும் காணேல்லையே," என்றார்.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் முப்பது வருடம் தபால் பிரித்தாலும், இளந்தாரியாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரு நிலஅளவையாளருக்கு இரண்டு வருடம் அளவுச் சங்கிலி பிடித்தவர். அந்த இரண்டு வருடத்தை வைத்துக்கொண்டுதான் உலகத்தை அளக்கிறார். எங்கள் ஊர்க் காணி உறுதிப் பத்திரத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் இருக்கும். கிழக்கே யார், மேற்கே யார் என்று எல்லைக்காரர் பெயர் இருக்கும். கிணற்றில் எவ்வளவு பங்கு, எந்தப் பக்கத்தால் வழி என்று எழுதியிருக்கும். எல்லைக்காரர் இரண்டு பேரும் வந்து நிற்காமல் ஒரு கல்லும் போடக்கூடாது என்பது அளவையாளரின் சட்டம். இவருக்கு அது வேதம்.

"அப்பா, இட்ஸ் எ ஜோக்," என்றாள் கம்சிகா.

"உறுதியில பகிடி இல்லை, பிள்ளை."

அன்றே கம்பனிக்குக் கடிதம் எழுதினார். கிணறு உண்டா, உண்டென்றால் என் பங்கு எத்தனையில் ஒன்று? வழி எந்தப் பக்கம்? நிற்கிற மரங்கள் யாருக்கு? காணிப் பெயரின் பொருள் என்ன? எல்லைக்காரர்களின் முழுப்பெயர் என்ன? வழக்கம்போலக் கடதாசியின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டார். மின்சாரக் கம்பனிக்கு எழுதினாலும் 'உ' போடாமல் இவர் தொடங்கமாட்டார்.

யாரோ ஒரு பெண் துள்ளலான மின்னஞ்சல் ஒன்று அனுப்பினாள். கேள்விகள் மிக மிக அருமையாம். இப்போதைக்குக் கிணறு இல்லையாம். நாலு பக்கமும் காணி இருந்தாலும் மேற்கே 4118 மட்டும்தான் விற்றிருக்கிறதாம். சொந்தக்காரரின் பெயரைத் தர முடியாது, ஆனால் கடிதம் எழுதினால் உறையில் போட்டு அனுப்பிவைப்பார்களாம். பெயரின் பொருள் அவர்களுக்கே தெரியாதாம். "ஏதாவது அழகாகத்தான் இருக்கும்" என்று முடித்திருந்தாள்.

"பேர் தெரியாமலே காணி விக்கிறாங்கள்," என்று இவர் தலையில் கை வைத்தார்.

இடத்தைத் தேடத் தொடங்கினார். கம்சிகா போனில் தேடினாள், வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே இல்லை. இவர் அதற்கு அசரவில்லை. "காணிப் பேர் மப்பில இருக்காது. சுன்னாகத்தில எங்கட காணிக்கு இலுப்பையடி வளவு எண்டு பேர். எந்த மப்பில கிடக்கு? ஊராக்களிட்டைத்தான் கேக்கவேணும்." உலகத்து மொழியெல்லாம் தமிழிலிருந்து வந்தது என்று சொல்லப்போகிறார் என இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் சொன்னார். நான் பருப்பைத் துழாவிக்கொண்டே இருந்தேன்.

டூட்டிங்கில் அயர்லாந்துக்காரர் ஒருவரைப் பிடிப்பது அவர் நினைத்ததுபோல் இலேசாக இல்லை. எங்கள் குழாய் திருத்துகிறவரின் பெயர் மேர்ஃபி, அசல் அயர்லாந்துப் பெயர், ஆனால் ஆள் போலந்துக்காரர். மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டாராம். அயர்லாந்துப் புனிதரின் பெயர் வைத்த கோயில் ஒன்று இருக்கிறது என்று அங்கே போனார். பாதர் கேரளத்துக்காரர். அவரோடு ஒரு மணித்தியாலம் பலாக்காயைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தார்.

அதன் பிறகுதான் வடக்கு லண்டனில் இருக்கிற ஆர்ச்வே. சனிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு மலையால் இறங்கி வரும்போது, ஒரு மண்டபத்தில் அயர்லாந்து வயோதிபர்களுக்கு மதியச் சாப்பாடு நடப்பதைக் கண்டார். நெற்றியில் திருநீறும் சந்தனமும், கையில் சட்டம் போட்ட சான்றிதழுமாக உள்ளே போய்விட்டார். பின்னால் நான், வெட்கத்தால் குறுகிப்போய். கதவடியில் நின்ற ஒரு அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார். எண்பது வயதிருக்கும், நாற்பது வருடம் தாதியாக இருந்தவர், பெயர் பிரைடி. என்ன ஏது என்று கேட்கவில்லை. "இருங்கள், ஆறிப்போகும்," என்று சொல்லி மூன்று விதமான உருளைக்கிழங்கை ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு எங்கள் முன் வைத்தார்.

இவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பிரைடி சான்றிதழைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். அது ஊர்ப் பெயராக இருக்காது, வயல் பெயராகத்தான் இருக்கும் என்றார். அயர்லாந்தின் பழைய மொழியான கெய்லிக்கில் 'கோர்ட்' என்றால் உழுது பயிரிடுகிற வயலாம். அவருடைய தகப்பனுக்கும் இப்படிப் பெயர் வைத்த வயல்கள் இருந்தனவாம். கிணற்று வயல், பெரிய கல் வயல், கழுதை செத்த வயல்.

இவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இலுப்பையடி வளவு," என்றார். "கிணற்றடிப் பற்றை. குருடன் தோட்டம்." ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருடத்தில் இவருடைய கதையை ஒருவர் இவ்வளவு நேரம் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெயரின் பின்பாதி பிரைடிக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த மொழி முக்கால்வாசி மறந்துவிட்டதாம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறார், அவரைக் கேட்டால் இடத்தையும் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் போனை எடுக்கமாட்டார், கொஞ்ச நாள் ஆகும் என்றார். இவர் பரவாயில்லை என்றார். ஒவ்வொரு சனியும் வந்து விசாரிப்பதாகவும் சொன்னார். உருளைக்கிழங்கும் ஒரு காரணம்.

இதற்கிடையில் மேற்கு எல்லைக்காரருக்கு முதல் கடிதம் போனது. ஆங்கிலத்தில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். "ஐயா, நான் தங்கள் கிழக்கு எல்லைக்காரன். நம் இருவர் காணிக்கும் நடுவே வேலி இல்லை என அறிகிறேன். வேலி போடுவதில் தங்கள் அபிப்பிராயம் என்ன? கிணறு வெட்டினால் ஆளுக்குப் பாதி." ஒரு சதுர அடியில் கிணறு வெட்டினால் யார் எங்கே நிற்பது என்று நான் கேட்டேன். அது பிறகு பேசித் தீர்க்கிற விஷயம் என்றார்.

பதினோராம் நாள் பதில் வந்தது. தட்டச்சு செய்த கடிதம், கையெழுத்து இல்லை, கீழே 4118 என்று மட்டும் இருந்தது. "ஐயா, வேலிக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. எல்லை போடும்போது இருவரும் நின்று போடுவோம்."

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரும் மாலினி. இருவரும் நிண்டு. வெள்ளைக்காரன் எண்டா இதுதான். உம்மட அண்ணரும் இருக்கிறாரே."

நான் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். உச்சியில் நீல மையால் பிள்ளையார் சுழி போட்டிருந்தது.

"இதென்ன?" என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.

"நான் போட்டதைப் பாத்து மரியாதைக்குத் திருப்பிப் போட்டிருக்கிறார். படிச்ச மனுசன்."

நான் கடதாசியைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாக மடித்து, ஒரு மூலையை உள்ளே செருகியிருந்தது. எங்களைப் பெற்ற ஐயா கடிதத்தை அப்படித்தான் மடிப்பார். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பழக்கினார். உலகத்தில் அப்படி மடிக்கிறவர்கள் இப்போது இரண்டே பேர். ஒருத்தி நான்.

கம்சிகாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். "நீ எத்தனை காணி வாங்கினனி?"

"ரெண்டு. டீல் போட்டிருந்தாங்கள், அம்மா. மற்றதைத் தீபாவளிக்கு மாமாவுக்கு அனுப்பினன்." சொன்ன பிறகுதான் அவளுக்கும் விளங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓ மை கோட். பக்கத்துப் பக்கத்து நம்பரா?"

இரண்டு பேரும் கட்டிலில் இருந்து யோசித்தோம். இவருக்குச் சொன்னால் சான்றிதழைக் கிழித்துக் குப்பையில் போடுவார். அண்ணைக்குச் சொன்னால் வெட்கத்தில் எழுதுவதை நிறுத்திவிடுவார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருவரையொருவர் 'ஐயா' என்று கூப்பிடுகிற இரண்டு பேரை நானாகக் குழப்பலாமா? எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு இரகசியம் காக்க வராது. அந்த இரண்டு மாதமும் பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை நோவு வந்தது.

கடிதங்கள் போயின, வந்தன. வேலிக்கு என்ன மரம் என்று ஒரு கடிதம். கிளுவை அந்தக் குளிருக்கு நிற்காது என்று ஒரு பதில். பிறகு முழங்கால் நோவு, பிரஷர் குளிசை, பென்சன், பிள்ளைகள் என்று காணியை விட்டு எங்கெல்லாமோ போனது. "மேற்கு எல்லைக்காரருக்கும் என்ர குளிசைதான்," என்று இவர் சந்தோஷமாகச் சொன்னார். அண்ணைக்கும் அந்தக் குளிசைதான் என்று எனக்குத் தெரியும். தபால்காரர் வருகிற நேரத்துக்கு முகம் கழுவி, சேர்ட் போட்டுக்கொண்டு நிற்கத் தொடங்கினார்.

நான்காவது கடிதத்தில் இவர் மனதைத் திறந்துவிட்டார். "எனக்கொரு மைத்துனர் இருக்கிறார், ஐயா. என் மனைவியின் காணியில் ஒரு அடி தள்ளி மதில் கட்டினார். அந்த ஒரு அடி எனக்கு வேண்டாம். ஒரு சொல் சொல்லியிருந்தால் இரண்டு அடி விட்டிருப்பேன். சங்கிலி பிடித்தவன் நான். எல்லை போடுகிற அன்று என்னைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை." இதை எனக்கு அவர் வாசித்துக் காட்டவில்லை. மேசையில் கிடந்ததை நான் களவாக வாசித்தேன். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த வசனத்தை அவர் என்னிடம் சொல்லவில்லை.

பதில் வர மூன்று கிழமை சென்றது. வழக்கமான 'உ', வழக்கமான மடிப்பு, ஒரே ஒரு பந்தி. "ஐயா, தங்கள் மைத்துனர் தங்களைக் கூப்பிடாதது பிழை. அவருக்கு அது தெரியும் என்றே நினைக்கிறேன். வயது போனவர்களுக்குப் பிழை என்று சொல்ல வாய் வருவதில்லை."

நான் குசினிக்குள் போய், வெங்காயம் உரிக்காமலே அழுதேன். இவர் பின்னால் வந்து நின்றார். "பாரும், முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்கு விளங்குது. இந்த மனுசனைக் கலியாணத்துக்குக் கூப்பிடப் போறன்."

"ஆரை?"

"மேற்கு எல்லைக்காரரை."

கூப்பிட்டும் விட்டார். கலியாணக் காட்டோடு தன் கைப்பட எழுதி வைத்தார். "தாங்கள் அவசியம் வந்து எங்கள் குடும்பத்தில் ஒருவராக நிற்க வேண்டும். முன்வரிசையில் கதிரை தங்களுக்கு." கீழே இன்னொரு வேண்டுகோளும் இருந்தது. காணிப் பெயரின் பொருளைப் பிரைடி அம்மா கண்டுபிடித்துவிட்டார், வருகிற சனிக்கிழமை சொல்லப்போகிறார். தங்களால் லண்டனுக்கு வர ஏலுமென்றால், அவர் முன்னிலையில் வரைபடத்திலாவது இருவரும் நின்று எல்லையைப் போட்டுவிடலாம். பகல் பன்னிரண்டு மணி, ஆர்ச்வே, மண்டபத்தின் விலாசம் இன்னது.

வருகிறேன் என்று பதில் வந்தது.

அந்தச் சனி நான் முருகனிடம் வேண்டாதது இல்லை. இவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, அளவு நாடா, அடிமட்டம், பென்சில், கம்பனி அனுப்பிய வரைபடம் எல்லாவற்றையும் மேசையில் ஒழுங்காகப் பரப்பினார். பிரைடி மூன்று கோப்பையில் சாப்பாடு போட்டுவிட்டு, நான்காவதையும் கையில் எடுத்தார். கதவு திறந்தது. கோட்டும் தொப்பியுமாக, கையில் தோட்டக் கடையில் வாங்கிய ஒரு மூங்கில் தடியைப் பிடித்துக்கொண்டு என் அண்ணை நின்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

"நீரோ?" என்றார் இவர்.

"ஓம். மேற்கு," என்றார் அண்ணை. "எல்லைக்கு நட ஒரு கதியால் கொண்டந்தனான். இஞ்சை கிளுவை இல்லை."

"நீர் வெள்ளைக்காரன் இல்லையே."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே, மச்சான்."

இவருடைய முகம் சிவந்து, வெளுத்து, திரும்பவும் சிவந்தது. மேசையிலிருந்து நாடாவை எடுத்தார், பையில் போட்டார். அடிமட்டத்தையும் எடுத்தார். போகப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இனி ஒரு பன்னிரண்டு வருடம் என்று நினைத்தேன். அப்போது எங்கள் மூன்று பேருக்குள்ளும் என்ன நடக்கிறது என்று ஒன்றும் அறியாத பிரைடி, எல்லோரையும் தோளில் அழுத்தி இருத்திவிட்டு, குறிப்பு எழுதிய ஒரு கடிதஉறையைப் பிரித்தார்.

ஒன்றுவிட்ட தம்பி கடைசியில் போனை எடுத்தாராம். அவர் ஒரு தபால்காரரின் விதவையைக் கேட்டாராம். இடம் இருக்கிறது. மேற்குக் கரையில் ஒரு பெற்றோல் ஷெட்டுக்குப் பின்னால், சேற்று நிலத்துக்கு இந்தப் பக்கம். 'கிளாம்பர்' என்றால் வழக்கு, இழுபறி. கோர்ட்டாகிளாம்பர், இழுபறி வயல். இரண்டு குடும்பங்கள் எல்லைக்குச் சண்டை பிடித்தார்களாம். யாரும் உழவில்லை, யாரும் புல்லு வெட்டவில்லை. இருநூறு வருடமாக ஒருவரும் வாங்காமல் கிடந்து, கடைசியில் கம்பனிக்காரன் வாங்கித் துண்டு துண்டாக விற்கிறான்.

"ஆர் ஆர் சண்டை பிடிச்சது?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அண்ணை தமிழிலும் இவர் ஆங்கிலத்திலுமாக.

பிரைடி உறையைத் திருப்பிப் பார்த்தார். அது யாருக்கும் தெரியாதாம். பெயர்கள் மறந்துபோயின. எந்தப் பக்கம் நியாயம் என்பதும் மறந்துபோயிற்று. சண்டை மட்டும் இருக்கிறது. "அவர்கள் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை, மன்னியுங்கள்," என்று சொல்லிக் குழம்பை ஊற்றினார்.

பிறகு இவர் பைக்குள் கையை விட்டு நாடாவை வெளியே எடுத்தார். ஒரு நுனியை அண்ணையிடம் நீட்டினார். அண்ணை பிடித்தார். வரைபடத்தில் இரண்டு பேரும் குனிந்தார்கள்.

"கோட்டைக் கொஞ்சம் என்ர பக்கம் தள்ளிப் போடும், மச்சான்," என்றார் அண்ணை. "ஒரு அங்குலம் நீர் எடும்."

"எனக்கேன் உம்மட அங்குலம்? உம்மட பக்கம் விடுறன்."

"நான் விடுறன் எண்டுறன்."

"நீர் ஆர் எனக்கு விட?"

குரல் ஏறியது. பக்கத்து மேசையிலிருந்து நாலு வயோதிபர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எடுப்பதற்குப் பிடித்த சண்டையைவிட விடுவதற்குப் பிடிக்கிற சண்டை பெரிதாகிவிடும்போல் இருந்தது. எனக்கு இத்தனை மாதமும் கடித்துவைத்திருந்த பல் விட்டுப்போயிற்று. எழும்பிப் பென்சிலைப் பிடுங்கினேன்.

"சுன்னாகத்துக் காணி ஆற்ற காணி? என்ர சீதனம். பன்னிரண்டு வருஷமா அந்த ஒரு அடியைப் பற்றி ரெண்டு பேரும் கத்துறியள். ஒருத்தராவது என்னை ஒரு சொல் கேட்டனீங்களோ? எல்லைக்காரன் வந்து நிக்கோணும், நிக்கோணும் எண்டுறியள். அந்த எல்லைக்காரி நான்தான். மதில் நிக்கிற இடத்தில நிக்கட்டும். எனக்கு அந்த ஒரு அடி வேண்டாம், என்ர அண்ணை வேணும்."

சொல்லிவிட்டு வரைபடத்தில் கோட்டை இழுத்தேன். இழுத்த வேகத்தில் அது வடக்குப் பக்கத்துக் காணிக்குள்ளும் கொஞ்சம் போய்விட்டது. அதை இன்னும் யாரும் வாங்கவில்லை.

இரண்டு பேரும் பேச்சு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல இருந்தார்கள். இவர்தான் முதலில் வாய் திறந்தார். அண்ணையிடம் மெதுவாகக் கேட்டார்.

"எப்ப தெரியும் உமக்கு, நான்தான் எண்டு?"

"முதல் கடிதத்திலேயே. ஒரு அடிக் காணியில கிணத்துப் பங்கு கேக்கிற ஆள் உலகத்தில ஒராள்தான்."

"தெரிஞ்சும் எழுதினீரோ? மைத்துனர் செய்தது பிழை எண்டதும்?"

"தெரிஞ்சுதான் எழுதினனான். அதை எழுதத்தான் மூண்டு கிழமை செண்டது."

அண்ணை கோட்டுப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றாக மடித்து மூலை செருகியிருந்தது, ஆனால் உள்ளே இருந்தது இவருடைய எழுத்து. குடும்பத்தில் ஒருவராக நிற்க வேண்டும். முன்வரிசையில் கதிரை.

"இது ஆற்ற கையெழுத்து, மச்சான்?"

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தான் எழுதியதையே முதல்தரம் பார்ப்பவர்போல வாசித்தார். "என்ரதான்," என்றார். பிறகு கடதாசியை மடித்தார், மடிப்புப் பிழைத்தது, திரும்ப மடித்தார். "ஆனா இது போஸ்ற்றில வந்தது. செல்லாது." கடதாசியை அண்ணையிடமே திருப்பி நீட்டினார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வீட்டை நிப்பீர்?"

மறுநாள் காலை தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கலியாணக் காட் எல்லாம் வைத்து ரெயினில் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனோம். அண்ணையின் வீட்டு வாசற்கதவு திறந்தே இருந்தது. இவர் உள்ளே போகவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று மணியை அடித்தார். அண்ணை வேட்டி கட்டிக்கொண்டு வந்து படிக்கு உள்ளே நின்றார்.

"மச்சான், எங்கட பிள்ளைக்குக் கலியாணம். நீர் வந்து நிக்கோணும்," என்றார் இவர்.

"வாறன்," என்றார் அண்ணை.

தட்டத்தைக் கொடுக்க இவர் ஒரு அடி முன்னே வந்தார். வாங்க அவர் ஒரு அடி முன்னே வந்தார். நான் அந்தப் படியில் இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டேன். இரண்டு காலையும் ஒடுக்கி வைத்து நிற்கத்தான் இடம் இருந்தது. நான் நகரவில்லை.